தூக்கம் கேட்டது குற்றமா?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நம் நாட்டு விமான நிலையங்களைப் பார்த்தவர்கள், வெள்ளத்தில் வீடு வாசலைப் பறிகொடுத்த ஜனங்கள் தங்கும் சத்திரமோ என்று எண்ணியிருப்பார்கள். பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. துண்டை விரித்துத் தரையில் படுத்தவர்கள் ஒரு பக்கம். பதில் சொல்ல ஆளின்றிக் கூச்சலிட்டவர்கள் ஒரு பக்கம். டிசம்பர் 5ந் தேதி ஒரே நாளில் இண்டிகோ கம்பெனியின் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் கிளம்பவில்லை. டில்லியிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்குப் போக வேண்டிய அதன் விமானங்கள் அன்று நள்ளிரவு வரை அத்தனையும் ரத்து. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் தவித்தார்கள். இது நம் கணக்கல்ல. சர்க்காரின் விமானத் துறைத் தலைமைக் காரியாலயம் விசாரித்துச் சொன்ன கணக்கு.

யார் குற்றவாளி? கம்பெனி உடனே ஒரு பட்டியல் வாசித்தது. பனி, நெரிசல், கம்ப்யூட்டர் கோளாறு, குளிர்கால அட்டவணை. இவற்றோடு விமானிகளின் டூட்டி நேரம் பற்றிய புது விதியும் காரணமாம். பிறகு பட்டியலில் மற்றதெல்லாம் மெல்ல மறைந்தது. "விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள், விமானம் நின்றுவிட்டது" என்ற பேச்சு மட்டும் ஊரெல்லாம் சுற்றியது.

தோழர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டபோது ஆலை முதலாளி என்ன சொன்னான்? "ஆலை மூடிப் போகும்" என்றான். எட்டு மணி வேலை கேட்டபோது என்ன சொன்னான்? "தொழிலே அழிந்து போகும்" என்றான். கூலி நெல் ஒரு மரக்கால் கூடக் கேட்டபோது மிராசுதார் என்ன சொன்னார்? "விவசாயமே படுத்துவிடும்" என்றார். ஆலையும் மூடவில்லை, விவசாயமும் படுக்கவில்லை. அதே பழைய பாட்டைத்தான் இப்போது ஆகாயத்தில் ஏறிப் பாடுகிறார்கள்.

"அவர்களுக்கு லட்ச லட்சமாய்ச் சம்பளம்!"

நம்மில் சிலரே கேட்கிறார்கள்: "விமானி யார்? மாதம் லட்சக்கணக்கில் வாங்குகிறவன். நட்சத்திர ஹோட்டலில் தங்குகிறவன். அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுவோம். ஆம், அவர்கள் சம்பளம் பெரிது. நூற்பாலைச் சைடர் ஒரு வருஷத்தில் காணாததை அவர்களில் சிலர் ஒரு மாசத்தில் காண்கிறார்கள். நம்மோடு ஒரே குடிசையில் கஞ்சி குடித்தவர்கள் அவர்கள் என்று நாம் கதை கட்டப் போவதில்லை.

ஆனால் கேள்வி வேறு. விமானம் அவர்களுடையதா? இல்லை. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்த ஊரில் படுக்க வேண்டும், ஓர் இரவில் எத்தனை தரம் விமானத்தை இறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? முதலாளி வைத்திருக்கும் டூட்டிப் பட்டியல். அந்தப் பட்டியல்தான் அவர்களுடைய மேஸ்திரி. ஆலையில் மேஸ்திரி கண்ணால் பார்த்து விரட்டுகிறான். அங்கே கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து விரட்டுகிறது. விரட்டு ஒன்றுதான்.

ஆலை வாசலில் பதிலித் தொழிலாளி காலைச் சங்குக்கு முன் வந்து நிற்கிறான். உள்ளே ஆள் வராவிட்டால் அவனுக்கு வேலை. அந்தப் பதிலி விமானக் கம்பெனியிலும் உண்டு. "ஸ்டாண்ட்பை" என்று அதற்குப் பெயர். கைப்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடத் தயாராக இருக்க வேண்டும். ஓய்வு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. வேலையை விட்டுப் போகலாமென்றால் அதற்கும் கயிறு உண்டு. கேப்டன் ஒரு வருஷம் முன்னதாகவும், துணை விமானி ஆறு மாசம் முன்னதாகவும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017ல் சர்க்காரே விதி போட்டது. பண்ணையாள் பட்ட பாட்டோடு இதை ஒப்பிடக் கூடாது. நாம் ஒப்பிடவும் இல்லை. ஆனால் பட்டுக் கயிறானாலும் கயிறு கயிறுதான்.

விதி கேட்டது என்ன?

அந்தப் "பொல்லாத" விதி என்னதான் சொல்லுகிறது? 2024 ஜனவரியில் சர்க்கார் வெளியிட்டது. வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து கொடுக்க வேண்டிய ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது. அதை 48 மணி ஆக்கச் சொன்னது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை "இரவு" என்று இருந்ததை 6 மணி வரை நீட்டியது. இரவு டூட்டியில் ஆறு தரம் வரை விமானத்தை இறக்கச் சொல்லலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. இரவில் புகும் டூட்டி 10 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் பறப்பது 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

இவ்வளவுதான்! வாரத்தில் இரண்டு நாள். இரவில் இரண்டு இறக்கம். இதைக் கேட்டதும்தான் கம்பெனிகளுக்குக் காய்ச்சல் வந்தது.

இந்த விதி 2024 ஜூன் 1 முதல் அமலாக வேண்டும். கம்பெனிகள் டில்லிக்கு நடந்தன. விதி தள்ளிப் போடப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுப் படியேறின. அதன் பிறகே சர்க்கார் வாய் திறந்து, பாதியை 2025 ஜூலை 1 முதல், மீதியை நவம்பர் 1 முதல் அமல் செய்கிறோம் என்றது. ஆக, விதி வெளியான நாளிலிருந்து முழு அமலுக்கு வரும் வரை கம்பெனிக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய 22 மாசம்!

இருபத்திரண்டு மாசத்தில் என்ன செய்தார்கள்? ஓய்வு கூடினால் ஆள் கூட வேண்டும். இது கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கா? இரண்டு ஷிப்டை மூன்று ஷிப்ட் ஆக்கினால் ஆள் அதிகம் வேண்டும் என்று ஆலை வாசலில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். நடவுக்கு நாலு பேர் குறைந்தால் நாற்று கருகும் என்று நம் அக்காமார்களுக்கும் தெரியும். இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள், ஆளைக் குறைத்தே ஓட்டப் பார்த்தார்கள் என்று விமானிகள் சம்மேளனம் அன்றே குற்றம் சாட்டியது.

கடைசியில் சர்க்காரின் சொந்த விசாரணையும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. ஆளையும் விமானத்தையும் அளவுக்கு மீறிப் பிழிந்தெடுப்பதிலேயே கம்பெனி குறியாக இருந்தது. அதனால் டூட்டிப் பட்டியலில் அவசரத்துக்கு ஆள் என்ற மிச்சமே இல்லாமல் போயிற்று. புது விதிக்குச் சரியாகத் தயாராகவும் இல்லை. 2026 ஜனவரியில் விசாரணை சொன்னதன் சாரம் இது. ஓய்வு விதி குற்றவாளி என்று அதில் இல்லை.

தண்டனை எவ்வளவு? 22 கோடியே 20 லட்ச ரூபாய் அபராதம். பெரிய தொகை போல் தோன்றுகிறதல்லவா? 2024-25ல் இந்தக் கம்பெனி காட்டிய நிகர லாபம் 7,258 கோடி ரூபாய். நாளொன்றுக்கு வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 20 கோடி வருகிறது. மூன்று லட்சம் ஜனங்களைத் தெருவில் நிறுத்தியதற்கு அபராதம், ஒரு நாள் லாபத்தைவிடச் சற்றே அதிகம்! நம் தோழர் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் கூலி பிடிக்கும் முதலாளிகள் உள்ள நாடு இது.

முழங்கால் மடிந்த சர்க்கார்

டிசம்பர் 5ந் தேதி சர்க்கார் என்ன செய்தது? விதியை மீறாமல் ஆளைப் போடு என்று உத்தரவிட்டதா? இல்லை. விதியையே வளைத்தது. இரவு நேர வரம்பிலும் இரவு இறக்கத்திலும் அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விதிவிலக்குக் கொடுத்தது. அது மட்டுமல்ல. விமானியின் விடுப்பை வார ஓய்வாகக் கணக்கெழுதக் கூடாது என்றிருந்த உத்தரவை எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்தே வாபஸ் வாங்கியது.

இதன் பொருள் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு எடுக்கிறாய். முதலாளி சொல்லுகிறான்: "அதுதான் உன் வார லீவு. ஞாயிறு வேலைக்கு வா." நம் ஆலைகளில் எத்தனை முறை பார்த்த தந்திரம் இது!

பரீட்சைக்குப் படிக்காத பையன் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தான். வாத்தியார் பயந்துபோய்ப் பரீட்சையைத் தள்ளி வைத்தார். இதுதான் நடந்தது. உள்நாட்டில் பறக்கும் நூறு பேரில் அறுபது பேருக்கு மேல் ஒரே கம்பெனியின் விமானத்தில் ஏற வேண்டிய நிலை. ஒருவன் கையில் இவ்வளவு குவிந்தால் அவன் கையை மடக்கும்போது நாடே திணறும். ஏகபோகம் என்று நாம் சொல்லும்போது புத்தக வார்த்தை என்று சிரிப்பவர்கள், அன்று விமான நிலையத்தில் படுத்திருந்தவர்களைக் கேட்கட்டும். மற்றக் கம்பெனிகள் சும்மா இருந்தனவா? கட்டணம் கண்டபடி ஏறிற்று. 1,500 கிலோமீட்டருக்கு மேல் போகும் தூரத்துக்கு 18,000 ரூபாய்க்கு மேல் வாங்காதே என்று டிசம்பர் 6ந் தேதி சர்க்காரே உச்சவரம்பு போட வேண்டி வந்தது.

மங்களூர் சாட்சி சொல்லுகிறது

"ஓய்வு, ஓய்வு என்கிறீர்களே, கொஞ்சம் கண் அசந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் மங்களூரில் இருக்கிறது.

2010 மே 22ந் தேதி விடியற்காலை. துபாயிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கியது. ஓடுபாதையில் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. ஏறியிருந்தவர்கள் 166 பேர். பிழைத்தவர்கள் 8 பேர். மாண்டவர்கள் 158 பேர். சீமான்களா? வளைகுடாவில் வெயிலில் வெந்து, வருஷம் முழுதும் சேர்த்த காசோடு பெண்டு பிள்ளைகளைப் பார்க்க வந்த உழைப்பாளிகளும் அவர்கள் குடும்பங்களும் அதில் இருந்தார்கள்.

விமானி அறையின் ஒலிப்பதிவை விசாரணைக் குழு கேட்டது. பதிவு 2 மணி 5 நிமிஷம். அதில் முதல் 1 மணி 40 நிமிஷம் வரை கேப்டன் தூங்கியிருந்தார்; குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. விழித்தார், தூக்கக் கலக்கம் தெளியாத நிலையில் இறக்கினார். உயரம் சரியில்லை; துணை விமானி மூன்று தரம் "இறக்காதீர்கள், மேலே ஏற்றுங்கள்" என்று எச்சரித்தார். கேட்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கேப்டன் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர். பல நாள் உழைத்துக் களைத்தவர் என்று சொல்ல முடியாது. அவர் செய்த பிழை பிழைதான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விடுப்பிலிருந்து வந்தவனையே இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே தூக்கம் அமுக்கிவிடுகிறது என்றால், வாரம் முழுதும் இரவு டூட்டி பார்த்தவன் கதி என்ன? மூன்றாம் ஷிப்டில் நிற்கும் தோழருக்கு இது தெரியும். விடியற்காலை நாலு மணிக்குக் கண் சொருகும். இழை அறுந்தது தெரியாது. விரல் மெஷினுக்குள் போவது அந்த நேரத்தில்தான். அங்கே போவது விரலல்ல, நூற்றைம்பது உயிர்!

அமெரிக்காவில் நடந்தது என்ன?

"முன்னேறிய நாடுகளைப் பாருங்கள்" என்று நமக்கு உபதேசம் செய்வார்கள். பார்ப்போம்.

அமெரிக்காவில் விமானிகள் 1931ல் சிகாகோவில் சங்கம் அமைத்தார்கள். டேவிட் பென்கே என்ற விமானி முன்னின்றார். மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கச் சொல்லக் கூடாது என்ற வரம்பு 1934ல் வந்தது; 1938ல் அது சட்டத்தில் ஏறிற்று. எந்தக் கம்பெனியும் கருணை கொண்டு கொடுத்ததல்ல. சங்கம் போராடி வாங்கியது.

சட்டம் போதாது என்பதையும் அவர்கள் கண்டார்கள். சட்டம் "இதற்கு மேல் கூடாது" என்றுதான் சொல்லும். முதலாளி அந்த எல்லை வரை இழுப்பான். ஆகவே சங்கம் ஒப்பந்தம் போடுகிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலையில்லா நாள், டூட்டிப் பட்டியலை எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும், சீனியாரிட்டிப்படி யார் எதைத் தேர்ந்துகொள்ளலாம், லீவு நாளில் கூப்பிட்டால் எவ்வளவு கூடுதல் சம்பளம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். அப்படியும் கம்பெனி மீறினால் "முதலில் பற, பிறகு புகார் கொடு" என்பதுதான் நிலை என்று அங்குள்ள விமானிகள் கசப்போடு சொல்லிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் உள்ள இடத்திலேயே இந்த இழுபறி என்றால், இல்லாத இடத்தில் சொல்ல வேண்டுமா?

2009 பிப்ரவரி 12ந் தேதி பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு விமானம் வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேரும் வீட்டில் ஒருவரும் மாண்டார்கள். துணை விமானி முதல் நாளிரவு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பிரயாணம் செய்து, ஊழியர் அறையில் கண்ணயர்ந்து வேலைக்கு வந்தவர். கேப்டன் கையாண்ட முறை தவறு என்றது விசாரணை. களைப்பும் இருந்தது, அதன் பங்கு இவ்வளவென்று அளக்க முடியவில்லை என்றது. மாண்டவர்களின் குடும்பத்தார் ஓயவில்லை. விமானிகளுக்குப் புது ஓய்வு விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதிலும் ஓர் ஓட்டை! சரக்கு விமானம் ஓட்டுகிறவர்களுக்கு விதி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஏன்? செலவு அதிகமாம், பலன் குறைவாம். பெட்டி ஏற்றிய விமானத்தை ஓட்டுகிறவனுக்கு மட்டும் இரும்புக் கண்ணா?

"ஓய்வு விதியால்தான் குழப்பம்" என்பவர்கள் இன்னொன்றுக்கும் பதில் சொல்லட்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் சௌத்வெஸ்ட் கம்பெனியின் 16,900 விமானங்கள் ரத்தாயின. 20 லட்சம் பேர் தவித்தார்கள். அங்கே அந்த நேரம் எந்தப் புது ஓய்வு விதியும் வரவில்லை. பனிப்புயல் அடித்தது; மற்றக் கம்பெனிகள் சில நாளில் எழுந்துவிட்டன; இந்தக் கம்பெனிக்கோ எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. டூட்டி போடும் கம்ப்யூட்டர் ஏற்பாடு பழையது, மாற்றுங்கள் என்று விமானிகள் சங்கம் பல வருஷமாகச் சொல்லியும் காதில் ஏறவில்லை. 14 கோடி டாலர் தண்டம் விழுந்தது. ஆக, விமானங்களை நிறுத்துவது விமானியின் தூக்கமல்ல, முதலாளியின் கஞ்சத்தனம்!

சங்கம் இல்லாவிட்டால் விதி வெறும் காகிதம்

விதி எழுதினால் போதுமா? "எனக்குக் களைப்பு, இன்று ஓட்ட மாட்டேன்" என்று சொல்லத் துணிவு வேண்டும். சொன்னவன் பெயரைக் குறித்துவைத்து அடுத்த மாசம் பழிவாங்கினால் யார் சொல்லுவான்? தனி ஆள் வாய் திறந்தால் வேலை போகும். சங்கம் வாய் திறந்தால்தான் முதலாளி காது கேட்கும்.

2009ல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்தார்கள். முன்னின்ற இருவரை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கிற்று. சங்கம் வைத்த குற்றம்! நூற்றுக்கணக்கான விமானிகள் ஒன்றாக "உடம்பு சரியில்லை" என்று லீவுக் கடிதம் கொடுத்தார்கள். ஐந்து நாட்கள். நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகம் சம்மதித்தது. டை கட்டியவனுக்கும் வேட்டி கட்டியவனுக்கும் முதலாளி கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்றுதான்: தனியாக நின்றால் மிதிபடுவாய்.

விமானிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவோம். நண்பர்களே, உங்கள் விமானத்தில் பெட்டி ஏற்றும் ஒப்பந்தக் கூலிக்கும், இரவெல்லாம் கூட்டிப் பெருக்கும் தாய்க்கும், பிரயாணிகளின் ஏச்சையெல்லாம் நின்று வாங்கிய கவுண்டர்ப் பெண்ணுக்கும் வார ஓய்வு உண்டா என்று கேட்டீர்களா? அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். உச்சியில் இருக்கிறோம் என்ற எண்ணம் வேண்டாம். விதியை வளைத்த அன்று உங்களை ஒருவரும் கேட்கவில்லை. அன்றே தெரிந்திருக்கும், உங்கள் இடம் எங்கே என்று.

நாம் கேட்பது இவைதான்:

ஓய்வு விதியை எந்தக் கம்பெனிக்கும் எந்தக் காரணத்துக்கும் வளைக்காதே! விடுப்பை வார ஓய்வாகக் கணக்கெழுதும் மோசடியை நிறுத்து! களைப்பு என்று சொன்ன தொழிலாளியைப் பழிவாங்காதே! டூட்டிப் பட்டியலைச் சங்கத்தோடு பேசி ஒப்பந்தமாக எழுது! விமானிக்குக் கொடுக்கும் ஓய்வை மூட்டை ஏற்றுகிறவனுக்கும் கொடு!

தோழர்களே, இந்தச் சண்டையில் நாம் வேடிக்கை பார்ப்பவர்களல்ல. 7,258 கோடி லாபம் காட்டிய முதலாளி, லட்ச ரூபாய்ச் சம்பளக்காரனின் வார ஓய்வையே ஒரு நாளில் பிடுங்க முடிந்தது. அப்படியானால் நம் ஞாயிற்றுக்கிழமை எத்தனை நாளைக்கு நிற்கும்? இன்று ஆகாயத்தில் பறித்ததை நாளை தறியடியிலும் வயல் வரப்பிலும் பறிக்க வருவார்கள். எட்டு மணி நேரம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. வானத்தில் இருப்பவர்களுக்கும் அது தானாகக் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் பெற்றார்கள், காத்தவர்கள் வைத்திருக்கிறார்கள். கேட்போம், காப்போம்!